காணி ஏடும் கப்பல் ஏடும்
(கொங்கு நாட்டில் மூதாதையரைத் தேடும் நெறி)

தோற்றுவாய்

கரூருக்கு அண்மையில் உள்ள புகலூர் ஆறுநாட்டார் மலையில், யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமண முனிவர்க்கு அமைத்துக் கொடுத்த உறையுளில், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையை அது வரிசைப்படுத்துகின்றது. பேரன் இளங்கோவாகிய நாளில் அவ்வுறையுள் வெட்டப்பட்டது என்பது அதனால் அறியப்படும் செய்தி. அறிஞர் ஐராவதம் மகாதேவன் இக்கல்வெட்டைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டினதாகக் கணித்தார். இதிற் காணப்படும் பெயர்களைப் பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளின் தலைவர்களோடு ஆய்வாளர் ஒப்பிட்டுள்ளனர். கொங்கு மண்ணில் இன்று கிடைப்பவற்றுள் மிகத் தொன்மையான குடிவழிப் பட்டியல் என்று இதனைக் கொள்ளலாம்.

பாட்டன், தந்தை, மகன் என்ற மூவர்க்கு மேல் அக்கல் பேசவில்லை. தாயர் பெயரும் அதில் இல்லை. ஆனால் அச்சேரர் குடியைப் பாடிய பதிற்றுப்பத்தின் பதிகங்களோ அரசனின் தந்தையோடு தாயையும் சுட்டுகின்றன. இமயவரம்பனைப் பெற்றவள் வெளியன் வேண்மாள் நல்லினி என்பதை இன்று அறிய முடிவது இரண்டாம் பத்தின் பதிகத்தால்தான். கல் விட்டதைப் பாட்டு காத்தது. இவ்வேறுபாட்டை இக்கட்டுரையின் முடிவு வரை மனத்திற் கொள்வது நலம்.

அரசர்க்குக் கல்லும் பாட்டும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவலை பூட்டி நீரிறைத்த உழவனுக்கும், தறியில் அமர்ந்த நெசவாளனுக்கும், பண்ணையத்தில் உழைத்த ஆளுக்கும் எவ்வேடு உண்டு? கோவை, காங்கேயம், தாராபுரம், ஈரோடு வட்டாரங்களில் ஒரு குடும்பத்தார் தம் பாட்டனுக்குப் பாட்டனை அறிய விரும்பினால் அவர்க்குத் துணையாவன எவை? அத்துணைகள் எவரை நினைவில் வைத்தன, எவரை மறந்தன? இவ்வினாக்களே இங்கு ஆராயப்படுகின்றன.

கூட்டமும் காணியும்

கொங்கு நாட்டில் இத்தேடல் கூட்டத்திலிருந்து தொடங்குகின்றது. கொங்கு வேளாளரிடையே கண்ணன், பயிரன், ஓதாளன், ஆந்தை, காடை, தூரன், செம்பன், அந்துவன் முதலாகப் பல கூட்டங்கள் உள. ஒரே கூட்டத்தார் உடன்பிறந்தார் முறையினர் ஆதலின் தம்முள் மணவினை கொள்வதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் காணி என்று சொல்லப்படும் ஊர்கள் உண்டு. காணி என்பது நிலவுரிமை மட்டும் அன்று. அவ்வூர்க் கோயிலில் முதன்மை பெறும் உரிமையும் அதனுள் அடங்கும். குடும்பம் எத்தனை தலைமுறைக்கு முன் வேற்றூர்க்குப் பெயர்ந்திருந்தாலும், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவும் குழந்தைக்கு முடியிறக்கவும் காணியூர்க்குத் திரும்புகின்றது. ஆகவே, பாட்டனின் பெயரை அறியாத ஒருவரும் தம் கூட்டத்தையும் காணியையும் அறிந்திருப்பார். பெயர் மறைந்த பின்னும் ஊர் மறையாமை கொங்கு மரபின் தனிச் சிறப்பாகும்.

இம்மரபுக்கு எழுத்துச் சான்றும் உண்டு. காணிப் பட்டயங்களும் செப்பேடுகளும் ஓலை ஆவணங்களும் கொங்கு நாட்டுக் கோயில்களிலும் குலகுரு மடங்களிலும் பழங்குடும்பங்களின் பெட்டிகளிலும் இருந்தன. காலின் மெக்கன்சி (1754–1821) திரட்டிய சுவடிகளிற் கொங்குதேச ராசாக்கள் என்னும் வரலாறு இடம்பெற்றது. கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகத்தைத் திருச்செங்கோடு முத்துசாமிக் கோனார் பதிப்பித்தார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புலவர் செ. இராசு ஊர் ஊராக நடந்து பட்டயங்களையும் கல்வெட்டுகளையும் தேடிப் படித்து அச்சேற்றினார். கூட்ட வரலாறு எழுதப்புகும் எவரும் அவர் உழைப்பின் மேல் நின்றே எழுதுகின்றனர்.

தீரன் சின்னமலையின் வரலாறு இம்மரபின் வலிமையைக் காட்டும். 1756-இல் காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பயிரன் கூட்டத்திற் பிறந்த தீர்த்தகிரி, ஆங்கிலேயரை எதிர்த்து ஓடாநிலையிற் கோட்டை கட்டி, 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். கும்பினியாரின் எழுத்துகளுக்கு அவர் ஒரு கலகக்காரர் மட்டுமே. அவர் இன்னார் மகன், இன்ன கூட்டத்தார், இன்ன காணியினர் என்ற செய்திகளைக் காத்தவை ஊர் வழக்கும் நாட்டார் பாடலும் குடும்ப ஆவணங்களும் ஆகும்.

எனினும், ஒன்றை மறத்தல் ஆகாது. கூட்டத்தின் நினைவு ஒரு மரத்தின் நினைவு; இலைகளின் நினைவு அன்று. முதல் காணியாளன் வந்து குடியேறிய கதையை அது விரிவாகச் சொல்லும். அடுத்து, ஒரே தாவலில், உயிரோடிருக்கும் முதியவரின் பாட்டனிடம் வந்து நிற்கும். இடையில் ஐந்தாறு தலைமுறை வெற்றிடமாகக் கிடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மாந்தர் பெரும்பாலும் அவ்வெற்றிடத்தில்தான் உள்ளனர்.

பெயர் தரும் இடர்

வெற்றிடத்தை நிரப்பப் புகுவார்க்கு முதலில் எதிர்ப்படுவது பெயர்ச் சிக்கல். பேரனுக்குப் பாட்டன் பெயரை இடுவது தமிழர் வழக்கு. பெயரன் என்ற சொல்லே அதற்குச் சான்று. ஆதலின் முத்துசாமி மகன் பழனிசாமி, பழனிசாமி மகன் முத்துசாமி என்று ஒரே இரு பெயர்கள் நூறாண்டுக்கு மாறி மாறி வரும். ஓர் ஆவணத்தில் முத்துசாமி மகன் பழனிசாமி என்று கண்டால், அவர் பாட்டனா, பாட்டனுக்குப் பாட்டனா என்பதை ஆண்டைக் கொண்டே தெளிய வேண்டும்.

ஊரார் இவ்விடரை வேறு வழியில் தீர்த்துக் கொண்டனர். மேக்காட்டார், பெரிய வீட்டார், கிணற்றடியார் எனத் தோட்டத்தையும் வீட்டையும் கொண்டு ஆளைப் பிரித்து அறிந்தனர். தோட்டத்துச் சாளையிற் குடியிருந்தவரைச் சாளைக்காரர் என்றனர். இத்தகைய வழக்குப் பெயர்கள் அரசு ஏட்டில் ஏறுவது அரிது; முதியோர் நாவில் மட்டும் வாழ்வன. அம்முதியோர் மறைந்ததும் ஏட்டில் உள்ள மூன்று முத்துசாமிகளும் ஒருவராகிவிடுகின்றனர்.

பெயரிற் செய்தியும் உண்டு. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், தப்பிப் பிழைக்கவேண்டிக் குப்பன், குப்பாயி, பிச்சை என்று பெயரிட்டனர். ஓர் ஆவணத்திற் குப்பன் என்ற பெயர் வருமாயின், அவனுக்கு முன் பிறந்து மண்ணுக்குள் போன பெயரில்லாக் குழந்தைகளை அங்கு எண்ணிப் பார்க்கலாம்.

கும்பினியாரின் ஏடுகள்

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின் கோவை நாடு கும்பினியார் கைக்கு வந்தது. மறு ஆண்டிலேயே பிரான்சிஸ் புக்கானன் இப்பகுதியைச் சுற்றி வந்து, ஏரி, கிணறு, பயிர், தறி ஆகியவற்றைக் குறித்துச் சென்றார். ரயத்துவாரி முறையில் உழவனோடு அரசு நேரே கணக்கு வைத்துக்கொண்டமையால், பட்டா என்ற தாளில் உழவன் பெயர் ஏறியது. நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலவளவையும் வரித்திட்டமும் நிறைவேறியபோது ஒவ்வொரு புல எண்ணுக்கும் உரியவர் பெயர் ஏட்டில் அமைந்தது.

இவற்றினும் பயன் மிக்கவை பத்திரங்கள். 1860களின் நடுப்பகுதியிற் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின், கிரயம், அடமானம், பாகப்பிரிவினை ஆகியன சார்பதிவாளர் அலுவலகங்களிற் பதிவாயின. ஒரு பழைய பத்திரத்தில் இன்னார் மகன் இன்னார் என்ற வழி மட்டும் அன்றி, செக்குபந்தி என்ற பகுதியில் வடபுறத்தார், தென்புறத்தார் பெயர்களும் கிடைக்கின்றன. அண்டைக் காட்டுக்காரர் பெரும்பாலும் பங்காளிகளே ஆதலின், நான்கெல்லையைப் படிப்பவர் ஒரு குடும்பத்தின் கிளைகளையே படிக்கின்றனர். பாகப்பிரிவினையில், கிணற்று நீர் எவர்க்கு எத்தனை நாள் முறை என்பதைக் கொண்டு உடன்பிறந்தார் எண்ணிக்கையையும் அவர்தம் பகையையும் உறவையும் அறியலாம். கணவனை இழந்த பெண்ணின் பெயர் எழுத்தில் ஏறும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று.

ஆயினும் பட்டாவும் பத்திரமும் நிலமுடையார்க்கே உரியன. நிலத்தை உழுதவன் வேறு, உரியவன் வேறு ஆகும்போது, உழுதவன் பெயர்க்கு அங்கு இடமில்லை. எல்லையைச் சொல்ல வந்த பத்திரம் வேம்பையும் பனையையும் பாறையையும் பெயர் சொல்லிக் குறிக்கும். அக்காட்டிற் காலமெல்லாம் உழைத்த பண்ணையாளைக் குறிப்பதில்லை.

மக்கள்தொகைக் கணக்கு அவனுக்குத் துணை செய்திருக்கலாம். சென்னை மாகாணத்தில் முதல் முறையான கணக்கெடுப்பு 1871-இல் நடந்தது. அதன் அறிக்கையை எழுதியவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்ற மருத்துவ அதிகாரி. வட்டந்தோறும் சாதிதோறும் தொழில்தோறும் எண்கள் அச்சாயின. எண்களுக்கு மூலமான வீட்டுப் படிவங்களோ பேணப்படவில்லை. தலைகள் எண்ணப்பட்டன, பெயர்கள் போயின.

அமெரிக்க நாட்டின் நிலையோடு இதனை ஒப்பிடுதல் தகும். ஒகையோ, இண்டியானா, அயோவா முதலிய நடுமேற்கு மாநிலங்களில் வேளாண் குடும்பத்தார் ஒருவர் தம் பத்தொன்பதாம் நூற்றாண்டு மூதாதையைத் தேடுவாராயின், 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஏட்டிலேயே வீட்டிலுள்ளார் அனைவரின் பெயரையும் வயதையும் பிறந்த மாநிலத்தையும் காணலாம். அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. ஆனால் 1850-இலும் 1860-இலும் அந்நாட்டின் தென் மாநிலங்களில் அடிமையாயிருந்த கறுப்பின மக்களின் பெயர்கள் எழுதப்படவில்லை. உடைமையாளன் பெயரின் கீழ் வயதும் பாலும் மட்டுமே குறிக்கப்பட்டன. விடுதலைக்குப் பின் 1870-இல்தான் அவர்கள் தம் பெயரோடு நாடு தழுவிய கணக்கிற் புகுந்தனர். எந்நாட்டிலும் ஏடு எல்லாரையும் ஒப்ப நோக்குவதில்லை. எவரை அறிதல் தனக்கு வேண்டும் என்று ஆட்சி கருதுகின்றதோ, அவரையே அது பெயர் சொல்லி எழுதிக்கொள்கின்றது.

தாது ஆண்டு

கொங்கு நாட்டுக் குடும்ப நினைவுகளை இரண்டாக முறிக்கும் ஓர் ஆண்டு உண்டு. அது தாது ஆண்டு. 1876-இல் மழை பொய்த்தது. 1878 வரை பஞ்சம் நீடித்தது. கோவை மாவட்டத்தின் மக்கள்தொகை 1871-இல் 17 இலட்சத்து 60 ஆயிரத்துக்குச் சற்று மேலாயிருந்தது. 1881-இல் 16 இலட்சத்து 60 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாயிற்று. பத்தாண்டில் வளர்ந்திருக்க வேண்டிய தொகை ஓரிலட்சம் குறைந்தது.

அக்காலத்தில் நிவாரண வேலைக்கு ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் ஆகும். உழைப்பவன் உயிரைத் தாங்க அது போதாது என்று வாதிட்டவர், முன்னர் மக்கள்தொகை அறிக்கையை எழுதிய அதே கார்னிஷ். மக்களை எண்ணிய கையே அவர் மாய்வதைத் தடுக்கவும் எழுத நேர்ந்தது.

பஞ்சத்தில் இறந்தார்க்கு நடுகல் இல்லை. ஊரை விட்டுப் போனார்க்குக் காணி மரபில் இடமில்லை. தாது ஆண்டிற் போனவன் திரும்பவில்லை என்ற ஒரு தொடரோடு ஒரு கிளையின் வரலாறு முடிந்துவிடும். போனவர் எங்கே போயினர் என்று தேடுவார் வேறோர் ஏட்டைத் திறக்க வேண்டும். அது கடற்கரையில் எழுதப்பட்டது.

கப்பல் ஏடு

பஞ்சத்துக்கு முன்பே அவ்வேடு தொடங்கிவிட்டது. 1834 முதல் மொரீசுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 340 பேரோடு புறப்பட்ட துரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை நேட்டால் சென்றவர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவருள் மூன்றில் இருபங்கினர் அளவுக்குச் சென்னை வழியே ஏறியவர்கள். கோயம்புத்தூர், சேலம் முதலிய ஜில்லாப் பெயர்களும் அப்பட்டியல்களில் உள்ளன.

ஒவ்வொருவர்க்கும் அங்கு ஒரு வரி உண்டு. குடியேற்ற எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு ஆகியன வரிசையாக எழுதப்பட்டன. மொரீசில் 1860களிலிருந்து ஒளிப்படமும் எடுக்கப்பட்டது. நேட்டால் பட்டியல்களைக் கணிப்பொறியில் ஏற்றி ஆராய்ந்து சுரேந்திர பாணா 1991-இல் நூல் வெளியிட்டார். மொரீசு ஏடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திற் பேணப்படுகின்றன. கூலிகள் கரையேறிய படித்துறையான ஆப்பிரவாசி காட் 2006-இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இங்கே ஒரு முரண் தெளிவாகின்றது. ஊரிலிருந்த காணியாளனின் வயதும் முகமும் எவ்வேட்டிலும் இல்லை. அவன் காட்டில் உழைத்துப் பஞ்சத்தில் ஓடியவனுக்கோ தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் இடக்காலின் தழும்பும் கூட எழுத்தில் உள்ளன. அன்பினால் எழுதப்பட்ட ஏடு அன்று அது. ஓடிப்போனாற் பிடிக்க வேண்டும், ஒப்பந்தம் முடியும் வரை ஆளை அடையாளம் காண வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. ஆயினும், அடக்கியாள எழுதிய அவ்வேடே இன்று அவர்தம் கொள்ளுப்பேரர்க்கு உறவைக் காட்டும் விளக்காகிவிட்டது. பெண்டிரும் அதிற் கணவனுக்குப் பின்னிணைப்பாக அல்லாமல், தமக்கெனத் தனி எண்ணும் தனி வரியும் பெற்றுள்ளனர்.

இவ்வேட்டிலும் குறைகள் உண்டு. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தர் காதிற் பட்டவாறு எழுதினர். பாளையங்களும் பட்டிகளும் அடையாளம் தெரியாமற் சிதைந்தன. கவுண்டர் என்ற பட்டம் அந்நாட்டிற் கோவெண்டர் எனத் திரிந்து குடும்பப் பெயராயிற்று. ஆயின் கோவெண்டர் என்பார் யாவரும் கொங்கிலிருந்து சென்றவர் என்று துணிதல் பொருந்தாது. அப்பட்டம் வட ஆர்க்காட்டு வன்னியர்க்கும், வேட்டுவர்க்கும், பிறர்க்கும் உரியது. ஜில்லாவும் தாலுகாவும் ஒத்து வந்த பின்னரே முடிவு கூறல் வேண்டும்.

மேலும், கப்பல் ஏட்டிற் கூட்டம் இல்லை. டர்பனிலிருந்து வரும் பேரனுக்கு ஊர்ப் பெயர் தெரியும், கூட்டம் தெரியாது. ஊரில் உள்ளார்க்குக் கூட்டம் தெரியும், கப்பலேறியவன் பெயர் தெரியாது. ஓர் ஓலையை நடுவே முறித்து இருவர் வைத்திருப்பது போன்ற நிலை இது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாயின், ஊரில் உள்ளார் தம் பாதியை முதலில் எழுதி வைத்தல் வேண்டும்.

ஏடில்லா வழி

கப்பல் ஏறியவர்க்கேனும் ஒரு வரி உண்டு. கால்நடையாய்ப் போனார்க்கு அதுவும் இல்லை. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழர் பெரும்பாலும் கங்காணி முறையிற் சென்றனர். கங்காணி முன்பணம் கொடுப்பார், ஆள் சேர்ப்பார், கடலைக் கடந்து மன்னார்க் காட்டு வழியே மலைக்கு நடத்திச் செல்வார். தொழிலாளியின் கடனைக் குறித்த தாள் துண்டு எனப்பட்டது. துண்டில் கடன் இருந்தது, குடிவழி இல்லை. தோட்டத்துச் செக்ரோலில் அன்றைய வேலைக்குப் பெயர் இருந்தது. பாட்டன் பெயர் இல்லை.

இவ்வின்மை வெறும் ஏட்டுக்குறையாக நின்றுவிடவில்லை. விடுதலை பெற்ற இலங்கை 1948-இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர் என்றோ மெய்ப்பிக்குமாறு கேட்டது. லயன் காம்பராக்களிற் பிறந்து இறந்த முன்னோர்க்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். தாய் அம்மண்ணிற் பிறந்தவள் என்று காட்டினும் பயனில்லை. சட்டம் தந்தை வழியையே கணக்கிற் கொண்டது.

1964-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் இரு நாடுகளும் செம்பாதியாகப் பங்கிட்டுக் கொண்டன. அவ்வாறு தாயகம் திரும்பினோருட் பலர் கூடலூர், கோத்தகிரி முதலிய நீலகிரி மலைப்பகுதிகளில், அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றனர். கையிலிருந்த தாளில் ஓர் ஊர்ப் பெயர் இருந்தது. அவ்வூரில் அவரை அறிந்தார் பலர்க்கும் இல்லை. இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது.

மூதாதை பெயரை அறிதல் ஓய்வுடையார் பொழுதுபோக்கு என்று கருதுவார் உளர். அவர் இந்த 55 ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பாராக. பூட்டன் பிறந்த ஊரை எழுத்தாற் காட்ட இயலாமையால் ஒரு மக்கட் கூட்டம் இரு நாட்டுக்கும் அயலதாக நின்றது.

தாயர் எங்கே?

காணி ஏட்டில் மகன் வழி மட்டுமே ஓடுகின்றது. மணமான பெண் கணவன் வீட்டுக் குலதெய்வத்தை வணங்குகின்றாள். அவள் பெயர் எந்தக் கூட்டத்தின் வரிசையிலும் நில்லாது போகின்றது. கொங்கு நாட்டுக் காடுகளில் வீரமாத்தி என்ற பெயரில் வணங்கப்படும் கற்கள் பல உள. கணவன் இறந்த பின் உயிர்விட்ட பெண்ணுக்கு எடுத்த கற்கள் அவை. அவள் தெய்வமானாள், ஆயினும் தாய் தந்தையர் அவளை அழைத்த பெயர் பெரும்பாலும் மறைந்து, வீரமாத்தி என்ற பொதுப்பெயரே எஞ்சியது.

இங்கும் பாட்டுத்தான் துணை நின்றது. உடுக்கடித்துப் பாடும் அண்ணன்மார் கதை ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வரலாறாகும். பாட்டன் கோளாத்தாக் கவுண்டரில் தொடங்கி, பொன்னர், சங்கர் வீழ்ச்சி வரை அது செல்கின்றது. 1960களில் கொங்கு நாட்டில் தங்கி ஆராய்ந்த பிரெண்டா பெக் அக்கதையை ஒலிப்பதிவு செய்து, பின்னர் நூலாக ஆராய்ந்தார். அக்கதையில் தாய் தாமரையும் தங்கை அருக்காணியும் பெயரோடும் சொல்லோடும் சினத்தோடும் வாழ்கின்றனர். பட்டயம் எழுதியவன் பெண்ணை மறந்தான். உடுக்கை ஏந்தியவன் மறக்கவில்லை. பதிற்றுப்பத்துப் பதிகம் நல்லினியைக் காத்த அதே தொண்டு இது.

கொங்குத் திருமணத்தில் இணைச்சீர் செய்பவள் மணமகனின் உடன்பிறந்தாள். பிறந்த வீட்டில் அவளுக்குள்ள உரிமையை அச்சடங்கு ஆண்டுதோறும் பல நூறு பந்தல்களில் நினைவூட்டுகின்றது. சடங்கில் உள்ள அவ்விடம் குடிவழி ஏட்டில் அவளுக்கு இல்லை.

முடிவுரை

தொகுத்து நோக்கின், கொங்கு நாட்டில் மூதாதையைத் தேடுவார்க்கு இரு வகை ஏடுகள் உள. காணி ஏடு குடியை நினைத்து ஆளை மறந்தது. கப்பல் ஏடு ஆளை எழுதிக் குடியை விட்டது. இரண்டிலும் இல்லாதார் மிகப் பலர். பண்ணையாளும், கங்காணிப் பின் நடந்தாரும், ஊரிலேயே வாழ்ந்து முடிந்த தாயரும் அவருள் அடங்குவர். பல கூட்டத்தார் தம் வரலாற்றை அழகிய நூல்களாக வெளியிட்டு வருதல் போற்றத்தக்கது. ஆனால் அந்நூல்கள் மகன் வழியை மட்டும் வரைந்து, காட்டில் உழைத்தாரை விடுத்து அமையுமாயின், பழைய பட்டயம் செய்த பிழையைப் புதிய அச்சிலும் செய்தனவாகும்.

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்துக்கு இதில் என்ன வேலை என்று வினவலாம். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட சுவடிகளையும் அடுப்பில் எரிந்த ஏடுகளையும் நினைந்து நொந்த உ.வே. சாமிநாதையர்க்குப் பின் வந்தோர்க்கு அவ்வினா எழாது. இன்றும் பாகப்பிரிவினைக்குப் பின் பழம்பெட்டியின் ஓலைகளும் சாதகக் குறிப்புகளும் மொய் ஏடுகளும் குப்பைக்குப் போகின்றன. மொய் ஏடு என்பது ஒரு குடும்பத்தின் உறவு வட்டம் முழுவதையும் ஊரோடும் பெயரோடும் காட்டும் ஆவணம் என்பதை எறிபவர் அறியார்.

வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் இல்லத்து முதியவரிடம் அமர்ந்து, தந்தையின் தந்தை பெயரைக் கேட்பதோடு நில்லாது, தாயின் தாய் பெயரையும், அவள் பிறந்த ஊரையும், தோட்டத்தில் உழைத்த குடும்பத்தாரின் பெயரையும், தாது ஆண்டிற் போனவனின் பெயரையும் கேட்டு எழுதுதல் வேண்டும். கிராமத்தின் பெயரை அன்று வழங்கியவாறே எழுதுதல் வேண்டும். சிதைந்த எழுத்தில் அதே ஊரைத் தேடி ஒருவர் கடல் கடந்து வரக்கூடும். புகலூர்ப் பாறையில் மூன்று தலைமுறையை வெட்ட உளியும் ஆணையும் வேண்டியிருந்தன. இன்று ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் போதும். முதியோர் இருக்கும்போதே அம்மாலை அமைதல் வேண்டும்.